புதுப்பிப்பு: மண்டபம் மீன் ஏல பில்லிங் சர்வர் தொங்கிய சிக்கல்

முன்பு கேட்டது இது: படகுகள் கரை திரும்பும் காலையில் போஸ்ட்கிரெஸ் (பில்லிங் தரவை வைத்திருக்கும் டேட்டாபேஸ்) தொங்குகிறது, சிபியு சும்மா கிடக்கிறது, ரேம் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. காரணம் பிடிபட்டுவிட்டது.

சிபியு சும்மா இருந்ததே துப்பு. குவெரிகள் (டேட்டாபேஸுக்கான கட்டளைகள்) ஓடவில்லை, வேறொன்று பிடித்து வைத்திருந்த லாக் (பூட்டு) விடுபடக் காத்துக் கிடந்தன. இணைப்புகளின் நிலையைக் காட்டும் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' வியூவில் ஒரு செஷன் (இணைப்பு) 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று, அதாவது தொடங்கிய வேலையை முடிக்காமல் சும்மா, ஒன்றரை மணி நேரமாக நிற்கிறது. மற்றவை அதற்குப் பின்னால் வரிசை கட்டியிருப்பதை 'பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்' காட்டிக்கொடுத்தது. ஏலக்கூடத்து லேப்டாப் இருப்பை அப்டேட் செய்து, மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட்டுக்கு முன் நெட் அறுந்திருக்கிறது. கிளையன்ட் (அந்த லேப்டாப்) போனது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸ் இயல்பில், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவின் முதல் சோதனையே 7200 விநாடி கழித்துத்தான். அதுவரை லாக் விடாது. போதாக்குறைக்கு, பிறகு செத்த (மாற்றத்தால் பழையதான) வரிகளை, அவற்றைத் துப்புரவு செய்யும் வேக்கூமும் அகற்ற முடியாமல் டேபிள் ஊதும்.

அந்த செஷனுக்கு, ஓடும் குவெரியை நிறுத்தும் 'பிஜி_கேன்சல்_பேக்கெண்ட்' பலிக்காது, ஓடும் குவெரியே இல்லையே. இணைப்பையே துண்டிக்கும் 'பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட்'தான் வழி. அந்த செஷனின் ப்ராசஸை 'கில் மைனஸ் 9' போட்டு வலுக்கட்டாயமாகக் கொல்லச் சொன்னவர்கள் கவனிக்க: அது மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்து, சர்வரை கிராஷ் ரெக்கவரிக்கு (விழுந்து எழும் மீட்பு வேலைக்கு) தள்ளும்.

இப்போதைய அமைப்பு: கீப்அலைவ் ஐடில் (முதல் சோதனைக்கு முன் காத்திருப்பு) 60 விநாடி, இன்டர்வல் (சோதனைகளின் இடைவெளி) 10 விநாடி, கவுண்ட் (பதிலில்லாத சோதனைகள்) 3. 'ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்' (முடிக்காமல் நிற்கும் செஷனைத் துண்டிக்கும் வரம்பு) 2 நிமிடம். ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

ஊதிய டேபிளுக்குச் சாதாரண வேக்கூம் போட்டாயிற்று. டேபிளை முழுதாகத் திரும்ப எழுதும் 'வேக்கூம் ஃபுல்' கட்டளையோ டேபிளையே பூட்டிவிடும். அதை ஏல நேரத்தில் தொடவே கூடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அப்போது நிதானமாகச் செய்யலாம்.