அளவு மீறிய இயந்திரங்களும் மாநில அனுமதிச் சீட்டும்: அமெரிக்கச் சாலைகளில் கண்டவை

வழித்தடம் தேர்ந்து பெர்மிட் வாங்கும் பணியாளர்:

மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைகளில் வண்டியின் மொத்த எடை 80,000 பவுண்டையும் அகலம் 102 அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. உயரத்துக்கு அப்படியொரு பொது எல்லை கிடையாது. கிழக்கே பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம், கலிபோர்னியா போன்ற இடங்களில் 14 அடி. இந்த அளவுகளைத் தாண்டிய சரக்குக்கு இசைவு தருவது அந்தந்த மாநிலத்தின் அதிகாரம் என்பதால், நான்கு மாநிலங்களைக் கடக்கும் புல்டோசருக்கு நான்கு பெர்மிட்டுகள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

அப்படி ஒரு முறை, முதல் மாநிலத்தின் பெர்மிட் ஒரு நெடுஞ்சாலை வழியே எல்லைவரை வண்டியைக் கொண்டுபோய் விட்டது. அடுத்த மாநிலத்திலோ அதே நெடுஞ்சாலையில் பாலப்பணிக்காகத் தடங்களைக் குறுக்கியிருந்ததால், அங்கு தந்த பெர்மிட் தெற்கே வேறொரு சாலையிலிருந்து தொடங்கியது. இரண்டு தாள்களும் தனித்தனியே பிழையற்றவை. ஆனால் ஒன்று முடியும் இடத்தில் மற்றொன்று தொடங்கவில்லை. வரைபடத்தில் இடைவெளி சிறியதுதான் என்று ஓட்டுநர் குறுக்கே போயிருந்தால், குறித்த வழியை விட்டு விலகிய அந்தக் கணமே அவர் பெர்மிட் இல்லாதவராகியிருப்பார். முதல் மாநில அலுவலகம் வழித்தடத்தைத் திருத்தித் தரும்வரை வண்டி எல்லைக்கு முன்பே நின்றது. பல மாநிலங்களில் இத்தகைய சரக்கு சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அத்தமனத்துக்கு அரைமணி பின்புவரை மட்டுமே நகரலாம் என்பதால், காலையில் நேர்ந்த தாமதம் அந்த நாளையே விழுங்கிவிட்டது. லாரிக்குத் துணையாகச் செல்லும் பைலட் கார்கள் சும்மா நின்றதற்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது.

லோபாய் டிரெய்லர் (கனரக இயந்திரங்களை ஏற்றும் தாழ்தள இழுவண்டி) ஓட்டுநர்:

என் அனுபவம் எடை நிலையத்தில் நேர்ந்தது. எக்ஸ்கவேட்டரின் அகலமான வாளியைக் கழற்றாமலே ஏற்றியிருந்த ஒருவரை எனக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பெர்மிட் என்பது பிரிக்க முடியாத சரக்குக்கு மட்டுமே உரியது. கூட்டாட்சி விதியின்படி, உரிய கருவிகளைக் கொண்டு பிரிக்க 8 வேலை மணிநேரத்துக்கு மேல் ஆனால் அதுவும் பிரிக்க முடியாதது என்ற கணக்கில் வரும். வாளியைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது என்று ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். கழற்றியதை அதே டிரெய்லரில் போட்டுக்கொள்கிறேன் என்று அந்த ஓட்டுநர் சொன்னதும் சிக்கல் பெருகியது. எடை மீறிய பெர்மிட்டில் பல மாநிலங்கள் தனித்துண்டு எதையும் உடன் ஏற்ற விடுவதில்லை. வாளிக்கென்று இன்னொரு லாரி வர வேண்டியதாயிற்று.

பிறகு என் முறை. என்னிடம் ஆய்வாளர் தாளைவிடச் சங்கிலிகளையே அதிக நேரம் பார்த்தார். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டுகள் வேண்டும். எக்ஸ்கவேட்டரின் கை தாழ்த்தப்பட்டுத் தனியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கையைக் கட்டுவதைத்தான் பலர் தேவையற்ற வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஒருபோதும் அப்படித் தோன்றியதில்லை.

உயரக் கம்பு பொருத்திய பைலட் கார் ஓட்டுநர்:

2013 மே 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்ததைப் புதிதாக வருபவர்களிடம் தவறாமல் சொல்வேன். பெர்மிட் பெற்று வந்த அளவு மீறிய சரக்கு, பாலத்தின் மேற்சட்டங்களில் மோதியது. அந்தச் சட்டங்கள் வளைவானவை. ஓரத்தில் தாழ்ந்தும் நடுவில் உயர்ந்தும் இருந்தன. இடத் தடத்தில் சென்றிருந்தால் தட்டாமல் போயிருக்கும். லாரி வலத் தடத்தில் சென்றது. ஆற்றில் விழுந்த வாகனங்களில் இருந்த மூவரும் உயிர் பிழைத்தனர். பைலட் கார் முன்னே சென்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் ஓட்டுநர் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த வழியில் சரக்கு தட்டாமல் செல்லுமா என்று பார்க்கும் பொறுப்பை அந்த மாநிலத்தின் பெர்மிட் சரக்கு எடுத்துச் செல்பவரிடமே விட்டிருந்தது.

எனக்கு நேர்ந்தது சிறியதுதான். ஒரு மேம்பாலத்தின் கீழே சாலைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். பலகையில் இருந்த உயரம் பழையது. சரக்கைவிடச் சில அங்குலம் கூடுதலாக வைத்திருந்த என் கம்பு உத்தரத்தில் தட்டிய ஓசை கேட்டதும் இருவழி வானொலியில் லாரி ஓட்டுநரிடம் ‘நில்’ என்று ஒரே சொல் சொன்னேன். பின்னால் போதிய தூரம் விட்டு வந்த லாரி, பாலத்துக்கு வெகு முன்பே நின்றது. காவல்துறை வந்து போக்குவரத்தை நிறுத்தித் தர, வண்டியைப் பின்னோக்கி எடுத்தோம். மாற்று வழிக்கான பெர்மிட் மறுநாள் காலை வந்தது.