கண்டீரவாவும் அந்த டிராக்கும்

மெரினா நீலம்:
"பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பந்து பார்க்காதவன் கால்பந்து ரசிகனே இல்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். 2018 மார்ச் 17 அன்று அங்கே சென்னையின் எஃப்சியும் பெங்களூரு எஃப்சியும் மோதிய ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டிக்குச் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தவன் நான். கோல் கம்பத்துக்கும் எனக்கும் நடுவே எட்டுப் பேர் ஓடுகிற ஓட்டப்பந்தய டிராக். எங்கள் அணியின் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய பந்து உள்ளே போனதே பக்கத்து ஆள் கத்தித்தான் தெரிந்தது. டிராக் இருந்தால் அது கால்பந்து மைதானமே கிடையாது.

அல்சூர் பையன்:
எழுதியவன் நான்தான். உங்கள் நேரு ஸ்டேடியத்தில் டிராக் இல்லையா?

மெரினா நீலம்:
நேருவை யாரும் கோயில் என்று எழுதவில்லையே. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கண்டீரவாவில் டிராக் இருக்கிறதா இல்லையா?

அல்சூர் பையன்:
இருக்கிறது. அதனால் என்ன? 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் பம்பாய்க்குப் போய் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை வென்ற முதல் இந்திய அணி அதுதான். வெளியூர் மைதானம் சரியில்லை என்று அவர்கள் அழவில்லை.

மெரினா நீலம்:
அழுதது யார்? அந்த இறுதிப் போட்டியில் 3-2 என்று ஜெயித்தோம். உங்கள் ஊரில், உங்கள் கண்ணெதிரே.

கௌதமபுரா செல்வி:
பழமை வேண்டுமென்றால் பெங்களூரு அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்துக்குப் போங்கள். பெங்களூரு எஃப்சி 2013-14-இல் முதல் சீசனிலேயே அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றபோது சொந்த மைதானம் அதுதான். கண்டீரவா அப்புறம் வந்தது.

அல்சூர் பையன்:
செல்வி அக்கா, தெருவில் பீலேவுக்குச் சிலை வைத்த ஊர்க்காரர் நீங்கள். நீங்களும் அவர் பக்கமா?

கௌதமபுரா செல்வி:
நான் யார் பக்கமும் இல்லை தம்பி. பழைய மைதானத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களே என்ற வயிற்றெரிச்சல்.

மெரினா நீலம்:
அதெல்லாம் இருக்கட்டும். தமிழனாக இருந்துகொண்டு சென்னை அணிக்கு எதிராகக் கத்த எப்படி மனசு வருகிறது?

அல்சூர் பையன்:
மூன்று தலைமுறையாகப் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்ட சாரங்கபாணி ராமன் எங்கள் ஊர்க்காரர். நான் யாருக்குக் கத்தவேண்டும் என்று ஒரு நாள் ரயிலில் வந்து போனவர் சொல்ல வேண்டாம்.

கௌதமபுரா செல்வி:
இது சரி. தமிழை இதில் இழுக்காதீர்கள்.

மெரினா நீலம்:
இழுக்கவில்லை அக்கா. ஆனால் ராமன் டிராக் தாண்டியா கோல் போட்டார்? நான் கேட்டது டிராக்கைப் பற்றி.

அல்சூர் பையன்:
அடுத்த முறை மேற்கு கேலரிக்கு வாருங்கள், அங்கே எழும் சத்தத்தில் டிராக் கண்ணுக்கே தெரியாது.

மெரினா நீலம்:
சத்தம் காதுக்கு. டிராக் கண்ணுக்கு.