ஒரே கணக்கு, மூன்று தவறான விடைகள்: நீரின் மேல் சேகரித்த ஹைட்ரஜனின் கன அளவு

வெண்சுடர் (கேள்வி):

வணக்கம். வாயு விதிகளையும் வாயுக்கள் சார்ந்த வேதிக் கணக்கீடுகளையும் தேர்வுக்காகத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். விதிகளைக் கேட்டால் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். ஆனால் கீழுள்ள கணக்கை மூன்று முறை போட்டு மூன்று வெவ்வேறு விடைகளைப் பெற்றேன். அவற்றில் ஒன்றுகூட விடைப் பகுதியோடு பொருந்தவில்லை.

கணக்கு இதுதான்: 0.120 கிராம் மக்னீசியம் நாடா, போதிய அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் முழுவதும் வினைபுரிகிறது. வெளிவரும் ஹைட்ரஜன், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 760 மி.மீ. பாதரச அழுத்தத்திலும் நீரின் மேல் சேகரிக்கப்படுகிறது. அந்த வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தம் 23.8 மி.மீ. எனில், சேகரித்த வாயுவின் கன அளவு என்ன? விடை சுமார் 125 மி.லி. என்று கொடுத்திருக்கிறார்கள்.

மக்னீசியத்தின் மோலார் நிறை 24.3 என்பதால் 0.00494 மோல் மக்னீசியம் இருக்கிறது; சமன் செய்த சமன்பாட்டின்படி ஒரு மோல் மக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் கிடைக்கும். இதுவரை எனக்கு ஐயமில்லை. இதற்குப் பிறகு, முதல் முறை நல்லியல்பு வாயு சமன்பாட்டைப் (PV = nRT; P அழுத்தம், V கன அளவு, n மோல் எண்ணிக்கை, R வாயு மாறிலி, T வெப்பநிலை) பயன்படுத்தி 10.1 மி.லி. என்று பெற்றேன். இரண்டாம் முறை 22.4 லிட்டரால் பெருக்கி 110.7 மி.லி. என்று பெற்றேன். மூன்றாம் முறை மீண்டும் வாயு சமன்பாட்டுக்கே வந்து 120.9 மி.லி. என்று பெற்றேன். ஆவி அழுத்தம் நீருக்குரிய விவரம், அதற்கும் ஹைட்ரஜனுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி அதை விட்டுவிட்டேன். எங்கே தவறுகிறேன் என்று யாராவது சுட்டிக்காட்ட முடியுமா?

குடுவை:

உங்கள் மோல் கணக்கில் பிழை இல்லை. வேதியியல் அங்கேயே முடிந்துவிட்டது. மீதமிருப்பது, அந்த 0.00494 மோல் வாயு எந்தச் சூழலில் இருக்கிறது என்ற கேள்வி மட்டுமே. அந்தச் சூழலைத்தான் மூன்று முறையும் மூன்று விதமாகத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

தவறான விடையைக் கிழித்துப் போடாதீர்கள், அதை, வெப்பநிலையைச் சரியாக இட்ட உங்கள் மூன்றாம் விடையால் வகுத்துப் பாருங்கள். 10.1-ஐ 120.9-ஆல் வகுத்தால் 0.084 வருகிறது, 25-ஐ 298-ஆல் வகுத்தாலும் அதே 0.084 தான். ஆகவே முதல் முறை வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல் 25 என்றே இட்டிருக்கிறீர்கள். அதேபோல 110.7-ஐ 120.9-ஆல் வகுத்தால் 0.916 கிடைக்கும், அது 273-க்கும் 298-க்கும் உள்ள விகிதம். 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் மட்டுமே உரிய மோலார் கன அளவு. 25 டிகிரியில் இருக்கும் வாயுவுக்கு அதைப் பயன்படுத்தியதால், வாயுவை நீங்களே குளிரவைத்து அளந்தது போல ஆகிவிட்டது.

மூன்றாம் முறை வெப்பநிலை சரி, ஆனால் அழுத்தம் சரியில்லை. குழாயில் ஹைட்ரஜன் தனியாக இல்லை, நீராவியும் கலந்திருக்கிறது. டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி இரண்டும் சேர்ந்துதான் 760 மி.மீ. என்பதால், ஹைட்ரஜனின் பங்கு 760 − 23.8 = 736.2 மி.மீ., அதாவது 0.969 வளிமண்டல அழுத்தம். இதைச் சமன்பாட்டில் இட்டால் (0.0821 என்பது வாயு மாறிலி):

0.00494 × 0.0821 × 298 ÷ 0.969 = 0.1247 லிட்டர்

விடைப் பகுதியில் இருக்கும் 125 மி.லி. இதுதான்.

வெண்சுடர்:

மிக்க நன்றி. கெல்வின் தவறு எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் ஓர் ஐயம் இன்னும் தீரவில்லை. நீராவியைக் கழிக்கிறோம் என்றால் விடை குறையத்தானே வேண்டும்? 120.9 எப்படி 124.7 ஆகக் கூடுகிறது?

குடுவை:

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் பலர் இதைக் கேட்காமலேயே கழித்துவிட்டுப் போகிறார்கள். நாம் கழிப்பது அழுத்தத்தை, கன அளவை அல்ல. குழாயின் மேற்பகுதியில் ஹைட்ரஜன் ஓர் ஓரத்திலும் நீராவி மற்றோர் ஓரத்திலும் இருப்பதில்லை. இரண்டுமே அந்த முழு இடத்திலும் பரவியிருக்கின்றன, ஆகவே இரண்டின் கன அளவும் ஒன்றுதான்.

உலர்ந்த ஹைட்ரஜன் மட்டும் 760 மி.மீ. அழுத்தத்தில் 120.9 மி.லி. இடத்தை அடைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது அதனுள் நீராவி நுழைகிறது. வெளியே வளிமண்டலம் மாறாமல் 760 மி.மீ. அழுத்தத்தில் இருப்பதால், உள்ளே மொத்த அழுத்தம் அதற்கு மேல் நிற்க முடியாது. எனவே வாயுக் கலவை நீர்மட்டத்தைக் கீழே தள்ளி விரிகிறது. விரிய விரிய ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் இறங்கி 736.2-இல் வந்து நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் கன அளவு கூடும் என்ற பாயில் விதியே இங்கும் வேலை செய்கிறது: 120.9 × 760 ÷ 736.2 என்று போட்டாலும் அதே விடை வரும்.

பழைய மாணவன்:

இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. 25 டிகிரியிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மோலார் கன அளவு சுமார் 24.5 லிட்டர் என்று மனப்பாடம் செய்துகொண்டால், அறை வெப்பநிலைக் கணக்குகள் ஒரே பெருக்கலில் முடிந்துவிடும்.

குடுவை:

முடியும்தான், ஆனால் இந்தக் கணக்கில் அது உங்களை 121 மி.லி. என்ற தவறான விடையில்தான் கொண்டுபோய் நிறுத்தும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பன்னாட்டுத் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம் 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பார் என்று மாற்றியது. அந்த வரையறைப்படி 0 டிகிரியில் மோலார் கன அளவு 22.7 லிட்டர். பல பாடநூல்கள் இன்னும் 22.4-ஐயே பயன்படுத்துகின்றன. எந்த எண் எந்த நிலைக்குரியது என்று தெரியாமல் மூன்று எண்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சமன்பாட்டை நினைவில் வைத்திருப்பது எளிது. பாயில், சார்லஸ், அவகாட்ரோ விதிகள் எல்லாம் அந்த ஒன்றில் சிலவற்றை மாறாமல் வைத்துப் பார்ப்பவைதாமே.

வாயு மாறிலியின் அலகை மட்டும் கவனியுங்கள். அழுத்தம் வளிமண்டல அலகில் இருந்தால் 0.0821, மி.மீ. பாதரசத்தில் இருந்தால் 62.4, கிலோபாஸ்கலில் இருந்தால் 8.314 (கன அளவு மூன்றிலும் லிட்டரில்). வளிமண்டல அலகோடு 8.314-ஐ இட்டால் இந்தச் சிறு நாடாத் துண்டிலிருந்து 12.6 லிட்டர் ஹைட்ரஜன் வந்துவிடும்! அப்படி ஓர் எண்ணைக் கண்டால் கணிப்பானை நம்பாமல் அலகைச் சந்தேகியுங்கள்.

ஆய்வகத்தார்:

இதே சோதனையைச் செய்துகாட்டுபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கணக்கில் 760 என்று கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் ஆய்வகத்தில் குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருந்தால்தான் உள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். உள்மட்டம் 6.8 செ.மீ. உயர்ந்து நின்றால், பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது என்பதால், உள் அழுத்தம் 5 மி.மீ. பாதரசம் குறைவாக இருக்கும். குழாயைச் சற்று ஏற்றி இறக்கி இரு மட்டங்களையும் சமப்படுத்திய பிறகே அளவைப் படிக்க வேண்டும்; உள்ளங்கையால் குழாயைப் பொத்திப் பிடித்தால் வாயு சூடேறிக் கன அளவு மாறிவிடும் என்பதால் விரல் நுனியால் மட்டும் பிடியுங்கள். நாடாவின் மேல் படிந்த சாம்பல் நிற ஆக்சைடை உப்புத்தாளால் தேய்த்து நீக்காமல் எடை போட்டால், அந்த எடையில் ஒரு பகுதி ஹைட்ரஜனே தராது. அளந்த விடை கணக்கிட்டதைவிடக் குறைவதற்கு நான் கண்டவரை இதுவே முதற்காரணம்.

வெண்சுடர்:

அனைவருக்கும் நன்றி. திசை மாறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், சரிபார்க்க வேண்டுகிறேன். 5.00 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சூடேற்றியபோது, 27 டிகிரியிலும் 0.980 வளிமண்டல அழுத்தத்திலும் 1.10 லிட்டர் உலர்ந்த கார்பன் டை ஆக்சைடு கிடைக்கிறது. கல்லில் கால்சியம் கார்பனேட் எத்தனை விழுக்காடு?

0.980 × 1.10 ÷ (0.0821 × 300) = 0.0438 மோல். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கால்சியம் கார்பனேட்டும் 0.0438 மோல், அதன் மோலார் நிறை 100 என்பதால் 4.38 கிராம். எனவே சுமார் 88 விழுக்காடு. இங்கே ஆவி அழுத்தத்தைக் கழிக்கவில்லை, அது சரியா?

குடுவை:

சரி. உலர்ந்த வாயு என்று கணக்கே சொல்லிவிட்டதால் கழிக்க எதுவும் இல்லை. பழைய பழக்கத்தில் 22.4-ஆல் வகுத்திருந்தால் 98 விழுக்காடு வந்திருக்கும். நம்பத்தகுந்த எண் போலத் தோன்றுவதால் அந்தத் தவறு கண்ணிலேயே பட்டிருக்காது. கார்பன் டை ஆக்சைடு நீரில் ஓரளவு கரையும் என்பதால், அளவு துல்லியமாக வேண்டிய இடத்தில் அதை நீரின் மேல் சேகரிப்பதும் இல்லை.