உதவி: தாத்தாவோட பழைய பட்டாள ரைபிள், ட்ரிகர் தொட்டதும் அடிச்சிடுது

காபிக்காடு:
அவசரம். ஏற்காட்டு எஸ்டேட்ல இருந்த ரைபிளை ரெண்டு மாசம் முன்னாடி சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். முன்னாடி ட்ரிகர் ரெண்டு கட்டமா வரும். இப்போ முதல் இழுப்பே இல்ல, விரல் பட்டதும் அடிச்சிடுது. தோள்ல வைக்கிற பின்கட்டையும் ஆடுது. ஞாயித்துக்கிழமை துப்பாக்கி சுடுற கிளப்புக்கு எடுத்துட்டுப் போகணும்.

தச்சன்மகன்:
என்ன மாடல், என்ன போர் (குழாய் உள் அளவு)? கட்டை ஒரே துண்டா, ரெண்டு துண்டா?

மேட்டூர்வாசி:
சியர், அதாவது ட்ரிகர் இழுக்குற வரைக்கும் அடிக்கிற ஊசியைப் பிடிச்சு வைக்கிற கொக்கி, தேஞ்சிருக்கும். அரத்தால லேசா ரெண்டு இழுப்பு இழுங்க, சரியாயிடும்.

பழைய_ஹவில்தார்:
மேட்டூர்வாசி, தெரியாத விஷயத்துல கை வைக்கச் சொல்லாதீங்க. சியர் முகத்துல மேல்தோல் மட்டும்தான் கடினம், அரம் பட்டா போச்சு. அப்புறம் குழாயோட பின்வாயை அடைக்கிற போல்ட்டை மூடுறப்பவே வெடிக்கும். காபிக்காடு, மாடலே சொல்லாம வைத்தியம் கேட்டா எப்படித் தம்பி?

வக்கீல்_குமாஸ்தா:
பட்டாள ரைபிள்னா .303-ஆ? அது தடை செய்யப்பட்ட போர். பட்டாள ரைபிள்னு பொதுவுல எழுதுறதுக்கு முன்னாடி யோசிங்க. லைசன்ஸ் யார் பேர்ல இருக்கு?

காபிக்காடு:
.303 இல்லீங்க, .22. லீ-என்ஃபீல்டுங்கிற பிரிட்டிஷ் பட்டாள ரைபிள் உடம்புல .22 குழாய், பழைய பயிற்சி ரைபிள். அப்பா பேர்ல லைசன்ஸ் இருக்கு. கட்டை ரெண்டு துண்டு. தேங்காய் எண்ணெய் தடவிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல.

தச்சன்மகன்:
அப்போ காரணம் மரம்தான். இந்த மாடல்ல ட்ரிகர் தொங்குறது அடியில இருக்கிற கார்ட்ல (ட்ரிகரைச் சுத்தி இருக்கிற காப்பு வளையம்). சியர் இருக்கிறது மேல இரும்பு உடம்புல. ரெண்டுக்கும் நடுவுல முன்கட்டை, குழாய்க்கு அடியில இருக்கிற மரம். 1500 மீட்டர் உயரத்துல பனியும் மழையும் குடிச்ச மரம், சேலம் சித்திரை வெயில்ல சுருங்கும். கார்ட் மேல ஏறும், ட்ரிகர் சியரை முட்டிக்கிட்டே நிக்கும். முதல் இழுப்பு காணாமப் போறது இதனாலதான். இந்தத் தொல்லைக்காகவே 1949-ல வந்த லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 2 மாடல்ல ட்ரிகரை உடம்புலயே தொங்க விட்டாங்க.

மேட்டூர்வாசி:
பின்கட்டை ஆடுறதுக்கு நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு, அந்தக் கட்டையைப் பிடிக்கிற போல்ட்டை முறுக்கினா போதும்ல?

பழைய_ஹவில்தார்:
வேண்டவே வேண்டாம்! அந்த போல்ட்டோட நுனி சதுரம். முன்கட்டைக்குள்ள இருக்கிற தகட்டுல அது உக்காந்திருக்கும். முன்கட்டையைக் கழட்டாம முறுக்கினா மரம் பிளந்துடும். என் கண்ணு முன்னாடியே ஒரு கட்டை பிளந்திருக்கு, சத்தம் இன்னும் காதுல நிக்குது.

தேங்காய் எண்ணெயையும் நிறுத்துங்க. அது இறுகாது, மரத்துக்குள்ள பிசுக்கா நிக்கும். பட்டாளத்துல போட்டது ஆளி விதை எண்ணெய். ஒரு சொட்டு, உள்ளங்கையால சூடு ஏறத் தேய்க்கணும், ஒரு நாள் காய விடணும்.

ஏலக்காய்66:
எங்க வீட்டுல அம்பது வருஷமா தேங்காய் எண்ணெய்தான். ஒண்ணும் ஆகல.

பழைய_ஹவில்தார்:
கதவுக்குப் போடுங்க, யாரும் கேக்கல.

ஏலக்காய்66:
ஐயா, மரியாதையாப் பேசலாமே. எங்க தாத்தா துப்பாக்கிக் கட்டையும் மரம்தான்.

தச்சன்மகன்:
ஆளி விதை எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காய வையுங்க.

எனக்கு ஒரு சந்தேகம். கார்டோட முன் ஸ்க்ரூ போற துளைக்குள்ள சின்ன இரும்புக் குழாய், காலர், இருக்கணும். அது இருந்தா மரம் சுருங்கினாலும் கார்ட் ஒரு அளவுக்கு மேல ஏறாது. காபிக்காடு, யாராவது கழட்டினாங்களா?

காபிக்காடு:
மாமா போன வாரம் கழட்டித் துடைச்சார். அதைச் சொல்ல மறந்துட்டேன்.

தச்சன்மகன்:
இதைத்தானே முதல்ல சொல்லணும்! துடைச்ச இடத்துல தேடுங்க. மொச்சைக்கொட்டை உசரம்தான் இருக்கும். கிடைக்குற வரைக்கும் ரவை போடாதீங்க, கிளப்புக்கும் வேண்டாம்.

வக்கீல்_குமாஸ்தா:
துடைக்கிறது, எண்ணெய் போடுறது வரைக்கும்தான் வீட்டுல. மத்த ரிப்பேருக்கு லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் போகணும். லைசன்ஸ் புத்தகத்தையும் கையோட கொண்டு போங்க.

காபிக்காடு:
கிடைச்சது. துடைச்ச பழைய துணி மடிப்புல இருந்துச்சு. கடையில கொடுத்துப் போட்டாச்சு, பின்கட்டையும் அவங்களே சரி பண்ணிட்டாங்க. ரெண்டு இழுப்பும் வருது. நன்றி.

ஏலக்காய்66:
சேலத்துல ஆளி விதை எண்ணெய் எந்தக் கடையில கிடைக்கும்?