பிக் பெண்ட் பயணம்: பெற்றோருடன் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி – கரிசல்காட்டான்

வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரை, பிப்ரவரி மாத நீண்ட வார இறுதியில், ஹூஸ்டனிலிருந்து காரில் டெக்சாஸின் மேற்கே உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பழைய கோட்டை, கைவிடப்பட்ட சுரங்கம் என்றால் வெயிலைக்கூடப் பொருட்படுத்தமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் நடக்க இயலாது. எங்களுடையது சாதாரண செடான் வண்டி. மண் சாலைகளில் இறங்காமலேயே பார்ப்பதற்குப் போதுமான இடங்கள் அங்கே உண்டா? ரியோ கிராண்டே ஆற்றைப் படகில் கடந்து மெக்சிகோவின் போக்கியாஸ் கிராமத்துக்குப் போய்வரலாம் என்கிறார்களே, அது எங்களுக்குச் சரிப்படுமா?

பதில் – வழிப்போக்கன்

தாராளமாக உண்டு. ஆனால் ஹூஸ்டனிலிருந்து ஏறத்தாழ 600 மைல் என்பதால், ஒரே மூச்சில் ஓட்டிப் பெற்றோரைக் களைப்படையச் செய்யாமல், ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் மராத்தான் என்னும் சிற்றூர் வழியாகத் தெற்கே இறங்குங்கள். மராத்தானில் பெட்ரோலை முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் பூங்காவின் நடுவிலுள்ள பேந்தர் ஜங்ஷன் வரை ஏறத்தாழ 70 மைலுக்கு வெட்டவெளிதான், கைபேசிக்கும் பெரும்பாலும் சிக்னல் இருக்காது.

ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் சாண்டா எலெனா பள்ளத்தாக்கைச் சொல்வேன். ராஸ் மேக்ஸ்வெல் சாலை வழியாக அதன் வாசல் வரை தார்ச்சாலை போகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையை ஆறு அறுத்துக்கொண்டு வெளிவரும் அந்த இடத்தில் சுவர்கள் ஏறத்தாழ 1,500 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஆறு வரும் திசையைப் பார்த்து நின்றால் இடப்பக்கச் சுவர் மெக்சிகோ, வலப்பக்கச் சுவர் அமெரிக்கா. பள்ளத்தாக்கு கிழக்கு நோக்கித் திறப்பதால் காலை வெயில் நேராக உள்ளே விழும். எனவே காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே செல்லும் பாதையில் படிகள் உண்டு, மழை பெய்திருந்தால் அதற்கு முன் டெர்லிங்குவா ஓடையின் சேற்றையும் கடக்க வேண்டும். அம்மா கரையிலேயே அமர்ந்து பார்க்கட்டும், காட்சியில் பெரிய குறை ஒன்றும் இராது.

சிசோஸ் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்திருக்கும் பேசின் பகுதியில், விண்டோ என்னும் பாறைப் பிளவைப் பார்க்க, கால் மைலைச் சற்றே தாண்டும் தளமிட்ட சமதளப் பாதை உண்டு. சூரியன் மறையும் நேரத்துக்கு அது உகந்தது. பேசினுக்கு ஏறும் சாலை செங்குத்தானது, வளைவுகளும் மிகுதி, ஆகையால் இருட்டுவதற்கு முன்பே அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பிப்ரவரியில் ஆற்றோரம் பகலில் இதமாக இருந்தாலும் மலைமேல் இரவில் உறைபனி விழக்கூடும். கிரேப்வைன் ஹில்ஸ் பாறையையும் ரிவர் ரோட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முன்னதற்குப் போகும் வழியும் ரிவர் ரோடும் செடானுக்கு ஏற்ற மண் சாலைகள் அல்ல.

பதில் – பழஞ்சுவடி

தங்கள் தந்தையாரை முன்னிட்டுச் சிலவற்றைச் சேர்க்கிறேன். மராத்தானிலிருந்து வரும் சாலை பெர்சிமன் கேப் என்னும் கணவாய் வழியாகத்தான் பூங்காவுக்குள் நுழைகிறது. 19ஆம் நூற்றாண்டில் கமாஞ்சி என்னும் பூர்வகுடியினர் மெக்சிகோவின் கால்நடைப் பண்ணைகளைச் சூறையாடக் குதிரைகளில் இறங்கிய வழியும் அதுவே. அத்தகைய தாக்குதல்களைத் தடுக்க 1854இல் எழுப்பப்பட்ட ஃபோர்ட் டேவிஸ் கோட்டை வடக்கே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே காவல் நின்றவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பினப் படைவீரர்கள்.

ஆனால் நேரம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கோட்டையை விட்டுவிட்டு, பூங்காவின் மேற்கு வாயிலுக்கு வெளியே உள்ள, கைவிடப்பட்ட சுரங்க ஊரான டெர்லிங்குவாவுக்குப் போகச் சொல்வேன். கோட்டையைப் பழுதுபார்த்து அழகாக வைத்திருக்கிறார்கள். டெர்லிங்குவாவில் அப்படி எவரும் மெருகேற்றவில்லை. 1903இல் ஹோவர்ட் பெர்ரி தொடங்கிய சிசோஸ் சுரங்க நிறுவனம் சாதிலிங்கம் என்னும் பாதரசத் தாதுவை வெட்டியெடுத்து, உலையில் சூடாக்கி, எழுந்த ஆவியைக் குளிர்வித்துப் பாதரசமாக்கியது. முதல் உலகப் போரின்போது வெடிகுண்டுகளின் வெடிதூண்டிகளுக்குப் பாதரசம் தேவைப்பட்டதால் ஊர் கொழித்தது. 1942இல் நிறுவனம் திவாலானதும் ஆள்கள் கலைந்தனர். குன்றின்மேல் முதலாளியின் மாளிகை நிற்க, கீழே கூரையிழந்த தொழிலாளர் குடில்கள் கிடக்கின்றன. தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் மெக்சிகோக்காரர்கள். சாலையோர மயானத்தில் அவர்களுடைய கல்லறைகள் வெறும் கற்குவியல்கள். தலைமாட்டில் இரண்டு குச்சிகளைக் கட்டிய சிலுவை, சிலவற்றின்மேல் துருப்பிடித்த தகர டப்பாவில் காகிதப் பூக்கள். 1918ஆம் ஆண்டின் ஃபுளூ காய்ச்சலில் மாண்டவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

கரிசல்காட்டான்

இருவருக்கும் நன்றி. போக்கியாஸைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? பெற்றோரின் பார்வையாளர் விசா செல்லுபடியாகும் நிலையில் உள்ளது. என் பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி வேலை விசா முத்திரைதான் காலாவதியாகிவிட்டது.

பதில் – எல்லைக்கல்

அப்படியானால் ஆற்றைக் கடக்க வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் மெக்சிகோவுக்குள் தனி விசா இன்றி நுழையலாம் என்பது, செல்லுபடியாகும் அமெரிக்க விசா, நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான். திரும்பி வரும்போதும் நேரில் அதிகாரி இருக்கமாட்டார். கருவியில் பாஸ்போர்ட்டைக் காட்டி, தொலைவிலிருக்கும் அதிகாரியிடம் தொலைபேசியில் பேச வேண்டும். உங்கள் சிக்கலை விளக்குவதற்கு அது உகந்த இடமன்று.

ஒரு காலத்தில் இருகரை மக்களும் கேள்விமுறையின்றிப் போய்வந்த துறை அது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், 2002இல் அது மூடப்பட்டபோது, சுற்றுலாப் பயணிகளையே நம்பியிருந்த அந்தக் கிராமத்தின் வருமானம் அடியோடு நின்றது. மீண்டும் திறக்க 2013 ஆயிற்று. இதை அப்பாவுக்குச் சொல்லி, போக்கியாஸ் பள்ளத்தாக்குப் பார்வை மேடையிலிருந்து காட்டுங்கள். அங்கே பாறைமேல் கம்பியில் செய்த தேள்களும் வண்ணக் கைத்தடிகளும், பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவும் இருக்கும். ஆற்றைக் கடந்து வந்து கிராமத்தார் வைத்துவிட்டுப் போனவை அவை. அவற்றை அங்கே வாங்குவது சட்டப்படி குற்றம். பொருளைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஆற்றைக் கடக்காவிட்டாலும் மூவரும் அசல் பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்னும் வருகைப் பதிவுப் படிவத்தின் நகலையும், நீங்கள் எச்-1பி ஒப்புதலுக்கான ஐ-797 படிவத்தையும் வண்டியிலேயே வைத்திருங்கள். பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும் 385, 118 ஆகிய இரு நெடுஞ்சாலைகளிலும் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. கைபேசியில் உள்ள படத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.