நேர்முகப் பரீட்சையில் ‘இன்னும் ஐந்து வருடத்தில்?’ என்று கேட்டால் என்ன சொல்வது

வாழைச்சேனைப் பிள்ளை:
மட்டக்களப்பு டவுன்ல ஒரு நிதி நிறுவனக் கிளையில லீசிங் பகுதிக்கு (வாகனம், ட்ரக்டர் தவணைக்குக் குடுக்கிற பகுதி) நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடிச்சிட்டன், ஏ.ஏ.ரி. எண்ட கணக்கியல் தொழில்சார் சோதினை பாதியில நிக்குது. ‘இன்னும் அஞ்சு வருசத்தில என்ன நிலையில இருக்க விரும்புறீங்க?’ எண்டு கட்டாயம் கேப்பாங்களாம். மனேஜரா வரணும் எண்டு சொன்னாப் போதுமா? அரசாங்க வேலைக்கும் போட்டிருக்கன். அதைக் கேட்டா மறைக்கிறதா?

கல்லடிக் கரை:
தங்கச்சி, மனேஜர் எண்டு மட்டும் சொன்னா அடுத்த கேள்வியில மாட்டுவீங்க: ‘அதுக்கு இடையில என்னென்ன பதவி இருக்கு?’ முதல்ல அந்தப் படிகளைத் தெரிஞ்சு வையுங்க. கொழும்பு பங்குச் சந்தையில பட்டியலிட்ட நிறுவனமெண்டா ஆண்டறிக்கை இணையத்தில இலவசமாக் கிடைக்கும். மனிதவளப் பகுதியையும் கிளைகள் பற்றின பக்கத்தையும் வாசிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

கேக்கிறவருக்கு உங்கட கனவு முக்கியமில்ல. பழக்கி எடுத்த ஆள் ஆறு மாசத்தில விட்டுட்டுப் போயிருமோ எண்டதுதான் அவர்ட பயம். அதால பதிலை இந்த வேலையிலயே தொடங்குங்க. இப்படி:

‘முதல் வருசம் ஒரு லீசிங் பைலை, விண்ணப்பம் தொடக்கம் காசு விடுவிக்கிற வரைக்கும், பிழையில்லாமச் செய்யப் பழகணும். அடுத்ததா அறவீட்டுப் பக்கம், அதாவது தவணைக் காசைத் திருப்பி வாங்கிற வேலை. வயல் செய்ற ஆக்களுக்குப் பெரும்போக அறுவடை முடிஞ்சாத்தான் கையில காசு புழங்கும். அந்தக் கணக்கு விளங்காம ட்ரக்டருக்கு லீசிங் குடுக்க ஏலாது. அதுக்கிடையில ஏ.ஏ.ரி.யை முடிச்சிருவன். அஞ்சாம் வருசம் நாலைஞ்சு பேர் உள்ள குழுவுக்குப் பொறுப்பா இருக்க விரும்புறன்.’

ஒரு நிமிசத்துக்கு மேல போகக் கூடாது. ஏ.ஏ.ரி. எண்டு வாயால சொன்னா எத்தனை பாடம் மிச்சம், அடுத்த சோதினை எப்ப எண்டும் தெரிஞ்சிருக்கணும். பாடமாக்கின பதில் உடையிறது அந்த இடத்திலதான். கடைசி நேர்முகம் கொழும்பில வைச்சா இங்கிலிசில கேக்கலாம். இதே விசயத்தை மூணு சின்ன வசனமா எழுதிச் சத்தமாச் சொல்லிப் பழகுங்க.

ஒலுவில் வாசகன்:
அரச வேலை விசயத்தில் ஒரு சொல். கேட்காவிட்டால் நீங்களாக எடுக்க வேண்டாம். கேட்டால் ஒருபோதும் மறைக்காதீர்கள். நம் பகுதியில் பட்டம், டிப்ளோமா முடித்தவர்கள் விண்ணப்பிப்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். ‘இல்லை’ என்றால் நம்பமாட்டார்கள், மற்றப் பதில்களையும் சந்தேகிப்பார்கள். ‘விண்ணப்பித்திருக்கிறேன், அதை நம்பிக் காத்திருக்கவில்லை. லீசிங்கில் இன்ன வேலையைப் பழகவே இங்கு வந்தேன்’ என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கக் கொடுக்கத்தான் சிக்கல்.

களுவாஞ்சிக்குடி அக்கா:
பொம்புளைப் பிள்ளையளுக்கு இந்தக் கேள்விக்குப் பின்னால ‘கலியாணம் எப்ப?’ எண்டதும் வரும். கேக்கக் கூடாத கேள்வி, ஆனா கேக்கிறாங்க. கோவப்படாம, ‘எதெண்டாலும் வேலையைத் தொடர்ந்து செய்றதுதான் என்ட முடிவு’ எண்டு ஒரு வசனத்தில முடிச்சிட்டு ஏ.ஏ.ரி. பக்கம் திருப்புங்க.

இடமாற்றமும் கேப்பாங்க. ‘எங்க போட்டாலும் போவன்’ எண்டு சொல்லிட்டு, தூரத்தில இருக்கிற பொத்துவில் கிளைக்குக் கடிதம் வந்ததும் ஏலாதெண்டா பேர் கெட்டுரும். வாழைச்சேனையில இருந்து தினம் போய் வர ஏலுமான கிளைகளை வீட்டிலயே கதைச்சுத் தீர்மானிச்சிட்டுப் போங்க. செங்கலடி, மட்டக்களப்பு உடனே ஏலும். கல்முனை, அக்கரைப்பற்றுக்குத் தங்குமிடம் பார்க்க ஒரு மாசம் வேணும். இப்படிச் சொன்னா நம்புவாங்க.

வாழைச்சேனைப் பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணன்மார். அரசாங்க நேர்முகத்திலயும் இதே பதில்தானா?

ஒலுவில் வாசகன்:
இல்லை. விண்ணப்பம் கோரும் அறிவித்தலை எடுத்து, ‘பொது நேர்முகப் பரீட்சை’ என்றா ‘கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’ என்றா போட்டிருக்கிறது எனப் பாருங்கள். பொது என்றால் புள்ளி கிடையாது. தகைமையையும் சான்றிதழ்களையும் சரிபார்ப்பார்கள். கட்டமைக்கப்பட்டது என்றால் மேலதிகத் தகைமை, அனுபவம் என எதற்கு எத்தனை புள்ளி என்ற திட்டம் இருக்கும். எதிர்காலத் திட்டத்தை எவ்வளவு அழகாகச் சொன்னாலும், அத்திட்டத்தில் உள்ள ஒரு சான்றிதழின் மூலப்பிரதி கையில் இல்லாவிட்டால் அந்தப் புள்ளி போய்விடும். மூலப்பிரதிகளையும் நிழற்பிரதிகளையும் அறிவித்தலில் கேட்ட ஒழுங்கிலேயே கோவையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.