பாப்பாவுக்கு அடுத்த கார் சீட் எது வாங்கலாமுங்க?

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாப்பாவுக்கு 16 மாசம், எடை பதினொன்றரை கிலோ, உயரம் 80 செ.மீ. இப்ப இருக்கிறது 13 கிலோ வரைக்குமான கைக்குழந்தை சீட். எடை இன்னும் தாங்கும், ஆனா தலை மேல் விளிம்பைத் தொடப் போகுது. மாத்தியே ஆகணும்.

மாசம் ரெண்டு தடவை கோவையிலிருந்து பெருந்துறைக்கு, அம்மாயி ஊட்டுக்குப் போறோம். அவினாசி தாண்டினா எல்லா வண்டியும் பறக்குது. "மடியில வெச்சுக்கலாம் கண்ணு"ன்னு அம்மாயி ஆசையாத்தான் சொல்றாங்க. ஆனா மோதுற வேகத்துல எந்தக் கையாலும் புள்ளையப் பிடிச்சு நிறுத்த முடியாதுங்க. அதுல நான் விட்டுக் கொடுக்கிறதா இல்லை.

குழப்பம் இதுதான். பின்பக்கம் பார்த்தபடி 18 கிலோ வரை போடுற சீட் வாங்கறதா, இல்ல இப்பவே முன்பக்கம் திருப்பிடறதா? இந்த வயசுல தலை கனம், கழுத்து எலும்பு இன்னும் கெட்டிப்படலை. முன்னாடி மோதினா பின்பக்கம் பார்த்த சீட்டுல முதுகு முழுக்க அடியைத் தாங்குமுங்க. அதனால என் மனசு அந்தப் பக்கம்தான். கால் மடங்கி இருக்குமேன்னு வீட்ல கவலைப்படறாங்க.

எங்களது பழைய சின்னக் கார், குழந்தை சீட்டை பெல்ட் இல்லாம நேரா கார்லயே மாட்டற ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. பெல்ட் போட்டே ஆடாம இறுக்கிக் கட்டற சீட் யாராச்சும் வெச்சிருக்கீங்களா? முன்சீட்டை எவ்வளவு நகர்த்த வேண்டியிருக்கு? கோவையிலயோ திருப்பூர்லயோ நம்ம கார்லயே மாட்டிப் பார்த்து வாங்க விடற கடை இருந்தா சொல்லுங்க. அடுத்த மாசம் நோம்பிக்கு ஊருக்குப் போகணும், அதுக்குள்ள வாங்கிடணுமுங்க.